பிழைத்துக்கொண்டவன் கொடுத்த மன்னிப்பு

சாகப்போகிறேன் என்று நினைத்து ஒருவனை மன்னித்துவிட்டேன். பிறகு பிழைத்துக்கொண்டேன். இப்படி ஒரு சிக்கலில் மாட்டியவர்கள் வேறு யாராவது இருக்கிறார்களா என்று தெரியவில்லை. இருந்தால் அவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் என்ன செய்தார்கள், ஊசி எவ்வளவு நீளம், வலித்ததா என்று என் சைக்கிள் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். அதையும் சொல்கிறேன். மற்ற விஷயத்தை யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியாது.

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு வாடகை சைக்கிள் கடை. முதலில் வலது தோளில்தான் வலி வந்தது. நாள் முழுக்கக் காற்றடிக்கிறவனுக்குத் தோள் வலிக்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். என் மனைவி எஸ்தர் தினமும் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். பிறகு சாயங்காலமானால் குளிர் காய்ச்சல் வந்தது. மலேரியா என்று ஒரு டாக்டர் கசப்பு மாத்திரை கொடுத்தார். கண் லேசாக மஞ்சளாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தார். இரண்டையும் சாப்பிட்டேன். காய்ச்சலுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை போலிருக்கிறது, இன்னும் அதிகமானது.

எங்கள் சபையின் பெண்கள் ஜெபக்குழு வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டு ஜெபித்தார்கள். போகும்போது அதில் மூத்த அம்மா என்னிடம், உள்ளுக்குள் அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கிறதா என்று ஆராய்ந்து பாருங்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். வேறு வேலை இல்லாததால் படுத்தபடியே ஆராய்ந்தேன். பாவங்கள் நிறையவே கிடைத்தன. ஆனால் எல்லாம் சில்லறைப் பாவங்கள். இத்தனை பெரிய காய்ச்சலுக்குத் தகுந்த பாவம் ஒன்றும் அகப்படவில்லை. மறந்துபோய்விட்டதோ என்ற பயம் மட்டும் பிடித்துக்கொண்டது.

கடைசியில் என் தம்பி ஜெயராஜ்தான் ரிக்‌ஷாவில் தூக்கிப் போட்டு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே இருந்த டாக்டரம்மா அதிகம் பேசாதவர். என் வலது விலா எலும்புகளுக்கு நடுவில் ஒரே விரலை வைத்து அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்கள் எழுந்து நின்றார்களாம். அதன் பிறகு ரத்தம் எடுத்தார்கள், மலம் பார்த்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெஞ்சு, ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு காத்திருப்பு. பெஞ்சில் உட்கார முடியாமல் நான் எஸ்தர் மடியில் சாய்ந்து கிடந்தேன். நாலு பேர் பார்க்க அப்படிக் கிடந்தது அதுதான் முதல் தடவை.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து டாக்டரம்மா விளக்கினார். ஈரலுக்கு மேலே, மூச்சு விடும்போது ஏறி இறங்குகிற ஒரு தசை இருக்கிறது. எனக்கு அது வலது பக்கம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. கீழே ஈரலில் சீழ் கட்டியிருப்பதுதான் காரணம். அமீபா என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி, தண்ணீரோடு வயிற்றுக்குள் போய், குடலிலிருந்து ஈரலுக்கு ஏறிவிடுமாம். அப்படியானால் தோள் ஏன் வலித்தது என்று கேட்டேன். அந்தத் தசைக்குப் போகிற நரம்பும் தோளுக்குப் போகிற நரம்பும் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால் மூளை ஏமாந்துவிடுகிறது என்றார். ஈரல் அழுகிக்கொண்டிருக்க நாங்கள் வாரக்கணக்கில் தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

எமெட்டின் என்று ஒரு ஊசி போட ஆரம்பித்தார்கள். பூச்சியைக் கொல்லும், ஆனால் இருதயத்தையும் தளர்த்திவிடும் என்பதால் எழுந்து உட்காரவே கூடாது என்று உத்தரவு. சாப்பாடு, பல் விளக்குவது, மற்றதெல்லாம் படுத்தபடியேதான். மற்றதைப் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது. பெட்பேனை வைத்து எடுத்ததெல்லாம் எஸ்தர்தான். ஒரு தடவைகூட அவள் முகம் சுளிக்கவில்லை. நான் கண்ணை மூடிக்கொள்வேன். அவள் அந்த நேரம் பார்த்து, கடைச் சாவி யாரிடம் இருக்கிறது, மூலையில் கிடக்கிற பழைய டயரை என்ன செய்வது என்று வேண்டாத கேள்வியெல்லாம் கேட்பாள். என் கவனத்தைத் திருப்பத்தான் கேட்டாள் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பக்கத்துக் கட்டிலில் தாமல் ஏரிப் பாசனத்து விவசாயி ஒருவர் இருந்தார். வண்டி குடை சாய்ந்து தொடை எலும்பு முறிந்து, காலைத் தூக்கிக் கட்டி எடை தொங்கவிட்டிருந்தார்கள். அவருக்கும் எழுந்திருக்க முடியாது, எனக்கும் முடியாது. இரண்டு பேரும் மேலே பார்த்தபடியே பேசிக்கொள்வோம். அவர் முகம் எப்படி இருக்கும் என்று ரொம்ப நாள் எனக்குச் சரியாகத் தெரியாது.

ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. விலாவுக்குள் பெரிய ஊசியைச் செலுத்திச் சீழை வெளியே எடுக்க வேண்டும், விட்டால் அது நெஞ்சுக்குள் உடைத்துக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா எஸ்தரிடம் சொன்னார். எஸ்தர் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் பாஸ்டர் ஐயா வந்து, ஊசிக்கு முந்தின நாள் இங்கேயே திருவிருந்து கொடுத்துவிடலாம் என்றபோது எனக்குப் புரிந்துவிட்டது. படுக்கைக்கு அப்பமும் திராட்சை ரசமும் வருகிறது என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் சபையில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. திருவிருந்துக்கு முன்னால், யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் தேடிப் போய் ஒப்புரவாகிவிட வேண்டும். சாதாரணமாக அது சனிக்கிழமை சாயங்காலம் தெருவில் நாலு பேர் கை கொடுத்துக்கொள்வதோடு முடிந்துவிடும். இந்தத் தடவை நான் நகர முடியாது என்பதால் ஒப்புரவு என்னைத் தேடி வந்தது. சாத்துக்குடியோடு ஒருவர், ஹார்லிக்ஸோடு ஒருவர் என்று வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவரும் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள். வாடகை சைக்கிளை வாய்க்காலில் விட்டு ஃபோர்க்கை வளைத்தது தான்தான் என்று பாடகர் குழுத் தலைவர் சொன்னார். நான் அதற்காக வேறொருவரோடு இரண்டு வருஷம் பேசாமல் இருந்தேன். என் கல்யாணத்துச் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று ஊரெல்லாம் சொன்னது தான்தான் என்று ஒரு அம்மா அழுதார். உப்பு உண்மையிலேயே இல்லை. எல்லோரையும் மன்னித்தேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சாகிறவனுக்கு மன்னிப்பதில் ஒரு சிரமமும் இல்லை.

எல்லோரும் போன பிறகு தாமல்காரர் மேலே பார்த்தபடி கேட்டார்.

"உங்க சாமி எல்லாத்தியும் ஒரே தபா மன்னிச்சிட்டாருன்னு நீங்களே சொல்றீங்க. அப்பால ஏம்பா வாரா வாரம் மன்னிப்பு கேட்டுக்கினே இருக்கீங்க?"

நான் ஞாயிறு பள்ளியில் படித்ததையெல்லாம் நினைவுக்குக் கொண்டுவந்து ஏதோ சொன்னேன். கிருபை என்றால் தகுதி பார்க்காமல் இலவசமாகக் கிடைப்பது, மனந்திரும்புதல் என்றால் நாம் செய்வது, இப்படி. சொல்லச் சொல்ல எனக்கே குழம்பியது. அவர் தூங்கிவிட்டார்.

அப்போதுதான் ஜெயராஜ் வந்தான். எஸ்தர் கஞ்சி காய்ச்ச ஆஸ்பத்திரி அடுப்படிப் பக்கம் போயிருந்தாள். அவன் சாத்துக்குடி எதுவும் கொண்டுவரவில்லை. கட்டிலின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்குச் சுகந்தி என்று ஒரு மகள் இருந்தாள். நாலு வயதில் தொண்டை அடைப்பான் நோயில் போய்விட்டாள். தொண்டைக்குள் வெள்ளையாக ஒரு சவ்வு படர்ந்து மூச்சை அடைத்துவிடும் நோய் அது. அன்றைக்கு நான் சாமான் வாங்க மெட்ராஸ் போயிருந்தேன். விடியற்காலையில் குழந்தைக்கு மூச்சுத் திணறியதும், டாக்டரை அழைத்துவர, அப்போது எங்களோடு தங்கியிருந்த ஜெயராஜை எஸ்தர் சைக்கிளில் அனுப்பினாள். டாக்டர் வீட்டில் இல்லை என்று அவன் திரும்பி வந்தான். நான் மத்தியானம் வந்தபோது வாசலில் ஜனங்கள் நின்றிருந்தார்கள். அதிலிருந்து ஜெயராஜ் கோவிலுக்கு வருவான், ஆனால் திருவிருந்து எடுக்க மாட்டான். அப்பம் கொடுக்கிற நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுவான். பீடி குடிக்கப் போகிறான் என்றுதான் நான் நினைத்தேன்.

"அண்ணா, அன்னிக்கு டாக்டரை இட்டார அண்ணி என்னை அனுப்புனாங்க இல்ல, நான் நேரா போவலண்ணா. கருட சேவை வந்துக்கினு இருந்துச்சு. பாத்துக்கினு நின்னுட்டேன்" என்றான்.

மீதியைத் துண்டு துண்டாகச் சொன்னான். எங்கள் அப்பா இருந்தவரைக்கும் கருட சேவை அன்று வீட்டுக் கதவைச் சாத்தி வைத்துவிடுவார். மேளச் சத்தம் மட்டும் உள்ளே வரும். அதை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசையாம். அன்றைக்குத் தெருமுனையில் பெருமாளின் குடை தெரிந்ததும், இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சைக்கிளை விட்டு இறங்கினான். பின்னால் ஜனம் அடைத்துக்கொண்டது. கிராமத்துக் கூட்டம் முழுக்க அங்கேதான். சைக்கிளைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டுகூட வெளியே வர முடியவில்லை. டாக்டர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, இப்போதுதான் கிளம்பினார் என்றார்களாம்.

"நான் போனப்ப அவரு இல்லைன்றது நெஜந்தான். ஆனா பொய்யிண்ணா அது" என்றான்.

எனக்குக் காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. மறுநாள் ஊசி. அவன் முகம் ஒரு பக்கம் பெரிதாகவும் ஒரு பக்கம் சின்னதாகவும் தெரிந்தது. "மன்னிச்சிட்டேன், போடா" என்றேன். ரொம்பச் சுலபமாக வந்தது அந்த வார்த்தை. சாயங்காலம் பாஸ்டர் ஐயா வந்து படுக்கையருகில் திருவிருந்து நடத்தினார். எஸ்தரும் எடுத்தாள். சுகந்தி போன பிறகு முதல் தடவையாக ஜெயராஜும் கை நீட்டினான். சந்தோஷமாகச் செத்துப்போகலாம் என்று தோன்றியது.

செத்துப்போகவில்லை. மரத்துப்போகிற மருந்தைக் குத்திவிட்டு, என் விரலைவிட நீளமான ஊசியை விலா எலும்புகளுக்கு நடுவே செலுத்தினார்கள். வலி என்று சொல்ல முடியாது, யாரோ உள்ளேயிருந்து இழுப்பது போல இருந்தது. வந்த சீழ் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பின் நிறத்தில் இருந்தது. அதன் பிறகு நான் நெத்திலி சாப்பிடுவதில்லை. இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது. பசி வந்தது. பசியோடு கூடவே கோபமும் வந்தது.

எவ்வளவு கோபம் என்றால், ஜெயராஜ் வாசலில் வருவது தெரிந்தால் தூங்குகிற மாதிரி படுத்துக்கொள்வேன். அவனோ தினமும் வந்தான். காலைப் பிடித்துவிட்டான். எஸ்தர் அந்தப் பக்கம் போனதும், "நெஜமாத்தான் மன்னிச்சியாண்ணா?" என்று கேட்பான். ஆமாம் என்பேன். மறுநாள் வந்து மறுபடி அதையே கேட்பான். ஒரு தடவை சொன்னால் போதாதா, எத்தனை தடவைதான் வாங்குவான் இவன் என்று எரிச்சலாக வரும். தாமல்காரர் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது.

டாக்டரம்மாவிடம் ஒரு நாள் கேட்டேன். தொண்டை அடைப்பானில் மூச்சுத் திணறுகிற குழந்தைக்கு, ஒரு மணி நேரம் முன்னால் டாக்டர் வந்திருந்தால் பிழைத்திருக்குமா? யார் குழந்தை என்று அவர் கேட்கவில்லை. முந்தின நாளே மருந்து போட்டிருந்தால் நம்பிக்கை உண்டு, ஆனால் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித் தனக்குத் தெரியாது என்றார். பிழைத்திருக்கும் என்று சொல்லியிருந்தால் நிம்மதியாகக் கோபப்பட்டிருப்பேன். பிழைத்திருக்காது என்றால் மன்னித்துத் தொலைத்திருப்பேன். தெரியாது என்றால் நான் என்ன செய்வேன்?

பாஸ்டர் ஐயாவிடம் ஆள் யார் என்று சொல்லாமல் கேட்டேன். சாகப்போகிறோம் என்று நினைத்துக் கொடுத்த மன்னிப்பு, பிழைத்த பிறகு செல்லுமா? அவர் சிரிக்கவில்லை.

"நீங்க குடுத்தது உங்களுதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க தேவதாஸ். உங்களுக்கு மேலயிருந்து கெடச்சதைத்தான் எடுத்துக் குடுத்தீங்க. நீங்க சாவறதுக்கும் பொழைக்கறதுக்கும் அதுல சம்பந்தமே இல்ல" என்றார்.

அப்படியானால் ஏன் ஐயா அது எனக்குள் தங்கவில்லை என்றேன். அதனால்தான் மனந்திரும்புதல் தினமும் என்றார். பாவம் செய்தவன் அல்லவா மனந்திரும்ப வேண்டும், நான் இழந்தவன் அல்லவா என்றேன். கோபத்தை வைத்திருக்கிறவனுக்கும் அது உண்டு என்று சொல்லிவிட்டு ஜெபித்துவிட்டுப் போனார். அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. சரியாக இருந்து என்ன, கோபம் அப்படியே இருந்தது.

அடுத்த வாரம் காய்ச்சல் மறுபடி தலை காட்டியது. சீழ் திரும்பச் சேர்ந்திருக்கிறது என்று மறுபடி ஊசியைக் கொண்டுவந்தார்கள். எல்லாம்தான் எடுத்துவிட்டீர்களே, மறுபடி ஏன் வருகிறது என்று டாக்டரம்மாவிடம் அழாத குறையாகக் கேட்டேன். பள்ளம் ஆறுகிறவரை ஊறும், ஊறினால் எடுப்போம் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். அதைக் கேட்டதும் பாஸ்டர் ஐயா சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் அப்படி ஒப்பிட்டுப் பார்த்தால் நான் நோயாளியா, ஜெயராஜ் நோயாளியா என்று தெரியாமல் அதையும் விட்டுவிட்டேன்.

அந்த நாட்களில் என்னை அதிகம் உறுத்தியது வேறு ஒன்று. எஸ்தருக்கு இது தெரியாது. பெற்றவள் அவள். டாக்டருக்கு ஆள் அனுப்பிவிட்டுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். அவளைக் கேட்காமல் நான் மன்னித்துவிட்டேன். ஞாயிறு தோறும் கோவில் விட்டதும் ஜெயராஜ் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறான், அவள் கையால்தான் சாப்பிடுகிறான். சொன்னால் அவன் இனி அந்தப் படி ஏற முடியாமல் போகலாம். எனக்கு இருப்பது ஒரே தம்பி. சொல்லாவிட்டால் அவள் ஒன்றும் தெரியாமல் அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே இருப்பாள், நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மருந்துக் கசப்பு போன பிறகும் வாயில் கசப்பு இருந்தது.

வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டியதற்காக எஸ்தர் தன் கம்மலைக் கழற்றிக் கொடுத்திருந்தாள், காதில் ஈர்க்குச்சி இருந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கோவிலுக்குப் போகத் தெம்பில்லை. அவளும் போகாமல் அடுப்படியில் இருந்தாள். ஆராதனை முடிந்து ஜெயராஜ் வருவதற்குள் சொல்லிவிடுவது என்று நினைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரைக்கும் நடந்துபோய்ச் சொன்னேன். கருட சேவை, கூட்டம், சைக்கிள், டாக்டர் இப்போதுதான் கிளம்பினார் என்றது, எல்லாம்.

அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

எப்படித் தெரியும் என்பதையும் அவளே சொன்னாள். அடக்கம் முடிந்த மறுநாள், வீட்டில் இருந்த அழுக்குத் துணி எல்லாவற்றையும் எடுத்துத் துவைக்கப் போட்டாளாம். ஜெயராஜ் சட்டைப் பையில் ஒரு ஜோடி ரப்பர் வளையல் இருந்ததாம். சிவப்பு. சுகந்தி கை அளவு.

"திருவிழாக் கடையில விக்கிற வளையலு. எடுத்து வெச்சுக்கினு ரொம்ப நேரம் பாத்தேன். அப்பால சட்டைய துவைச்சு, காய வெச்சு, மடிச்சு, அதே பையில திரும்ப வெச்சுட்டேன்" என்றாள்.

என்னிடம் அழுது சொன்னபோது ஜெயராஜ் இந்த வளையலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் பக்கத்துக்கு இருந்த ஒரே சாக்கை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லியிருக்கிறான். அது சாக்குதானா, அந்த நேரத்தில் வளையல் வாங்க நின்றது இன்னும் பெரிய தப்பா என்றும் எனக்குத் தெரியவில்லை. துவைத்த சட்டைப் பையில் வளையலைப் பார்த்த அன்றே, அவளுக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமும் இரண்டு பேரும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். ஒன்றும் தெரியாத நான்தான் நடுவில் படுத்துக்கொண்டு பெரிய மனதோடு மன்னித்திருக்கிறேன்.

"அப்ப நீ அவன மன்னிச்சிட்டியா?" என்று கேட்டேன்.

அரிந்த வெங்காயத்தைச் சட்டியில் போட்டாள். அது பொரிந்து அடங்கும்வரை கிளறினாள்.

"வாராவாரம் அவன் வந்து குந்தும்போது பாப்பேன். ஒரு வாரம் முடியுது, ஒரு வாரம் முடியல. முடியலன்னா அன்னிக்கு சோறு மட்டும் போட்டுருவேன்" என்றாள்.

வாசலில் சைக்கிள் ஸ்டாண்ட் போடுகிற சத்தம் கேட்டது. ஜெயராஜ் உள்ளே வந்தான். நான் எழுந்து நடமாடுவதைப் பார்த்து அவன் முகம் மலர்ந்தது. கை கழுவிக்கொண்டு வழக்கமான இடத்தில் உட்கார்ந்தான். எஸ்தர் தட்டு வைத்தாள். தண்ணீர் வைத்தாள். சோறு போட்டுக் குழம்பு ஊற்றினாள். போதும் அண்ணி என்று அவன் கையை நீட்டித் தடுத்தான், அவள் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவளால் முடிந்ததா முடியவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கும் ஒரு தட்டு போடச் சொல்லி அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.